விதைக்குக் கேட்கும் கேள்வியைச் செயலிக்கும் கேட்போம்

நம் இயக்கக் கூட்டங்களில் கணினி, செல்போன், செயலி என்று பேச்சு வந்தாலே சபை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "இந்தச் சனியன் வந்ததிலிருந்துதாங்க பிள்ளைங்க வயப்பக்கமே வர்றதில்ல, தூக்கிக் கிணத்துல போடணும்" என்பவர்கள் ஒரு பக்கம். "இனிமே எல்லாமே ஆப்புதாங்க. ட்ரோன், சென்சார்னு போனாத்தான் இளவட்டம் விவசாயத்துக்கு வரும்" என்பவர்கள் இன்னொரு பக்கம். டீ ஆறும்வரை வாதம் நடக்கும். பிறகு இரண்டு தரப்பும் பையிலிருந்து அதே செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

என் கருத்து இரண்டிலும் சேராது. கணினி வேண்டுமா வேண்டாமா என்பது முடிந்துபோன கேள்வி. பட்டா, மானியம், வானிலை, சந்தை நிலவரம் எல்லாம் அதற்குள் போய்விட்டன. இனி கேட்க வேண்டியது, நாம் ஒவ்வொரு விதைப் பொட்டலத்தையும் கையில் எடுத்தவுடன் கேட்கிற அதே கேள்வியைத்தான். இதை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாமா? பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாமா? ஒவ்வொரு வருடமும் கடைக்காரர் வாசலில் போய் நிற்க வேண்டுமா? சுருக்கமாகச் சொன்னால், இது என் உடைமையா, வெறும் குத்தகையா?

முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். கணினிக்கு எதிரியாகப் பேசவில்லை என்பதை முதலில் ஒரு கணக்கோடு சொல்லிவிடுகிறேன். 1980களில் வங்கிகளுக்குள் கணினி நுழைந்தபோது வேலை போய்விடும் என்று சங்கங்கள் எதிர்த்தன. அந்தப் பயத்துக்கும் நியாயம் இருந்தது. ஆனால் கணினியால் சாதாரண மக்களுக்குக் கிடைத்த நன்மையும் உண்டு. சேமிப்புக் கணக்குக்கு வட்டி எப்படிப் போட்டோம் தெரியுமா? மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள்வரை கணக்கில் எந்த நாளில் மிகக் குறைவான இருப்பு இருந்ததோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. நெல் விற்ற பணத்தை 12ஆம் தேதி கொண்டுவந்து போடும் விவசாயிக்கு அந்தப் பணத்துக்கு அந்த மாதம் வட்டி கிடையாது. 28ஆம் தேதி எடுத்துவிட்டாலும் கிடையாது. ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு நாள் வாரியாகக் கையால் வட்டி போட முடியாது என்பதுதான் காரணம். கணினி எல்லாக் கிளைகளுக்கும் வந்த பிறகு, ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. இதை நான் நல்லது என்றுதான் சொல்வேன்.

அதே வங்கியில் இன்னொன்றையும் பார்த்தேன். மென்பொருளை வெளியிலிருந்து வாங்கினாலும் கணக்குப் புத்தகத்தை விற்றவன் கையில் வங்கி விட்டுவிடவில்லை. தினமும் கணக்கு முடிந்ததும் ஒரு நகல் எடுப்போம். அது வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கும். மென்பொருள் கொடுத்த நிறுவனம் நாளை கடையை மூடினால் என்ன செய்வது என்று ஒப்பந்தம் போடும் அன்றே கேட்டு எழுதி வாங்குவார்கள். கோடிகளைக் கையாளும் வங்கிக்கே இவ்வளவு ஜாக்கிரதை தேவைப்படுகிறது. மூன்று ஏக்கர் விவசாயி மட்டும் "ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

முன்பெல்லாம் ஒரு பொருளை வாங்கினால் அது நம்முடையது. மண்வெட்டி வாங்கினோம், பிடி உடைந்தால் கருவேலங்கட்டையில் புதுப் பிடி போட்டோம். டிராக்டர் வாங்கினோம், ஊர் மெக்கானிக் பிரித்துப் போட்டுச் சரி செய்தார். இன்று பல பொருட்களுக்கு நாம் முழுப் பணம் கொடுக்கிறோம், ஆனால் சாவி விற்றவனிடமே இருக்கிறது.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் அமெரிக்க விவசாயிகள். அங்கே ஜான் டீர் போன்ற நிறுவனங்களின் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் முழுக்க மென்பொருளால் ஓடுபவை. ஒரு சென்சார் கோளாறு என்றாலும் நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் பழுதை முழுதாகச் சரிசெய்ய முடியாத நிலை வந்தது. அறுவடை நேரத்தில் டீலர் ஆள் வரும்வரை இயந்திரம் வயலில் நிற்கும். பொறுக்க முடியாமல் சில விவசாயிகள், உக்ரைன் நாட்டில் பூட்டு உடைத்து விற்கப்பட்ட மென்பொருளை இணையத்தில் தேடி வாங்கிப் போட்டார்கள். பிறகு போராடி, கொலராடோ மாநிலத்தில் 2023இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி முதல் அங்கே விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கத் தேவையான கருவிகளையும் தகவலையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே ஜான் டீர் மீது இதற்காக வழக்குப் போட்டது.

2022இல் உக்ரைன் போரின்போது மெலிட்டோபோல் நகரில் ஒரு விற்பனையகத்திலிருந்து டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் ரஷ்யத் தரப்பினர் திருடிப்போனார்கள். கொண்டுபோய் இறக்கிய இடத்தில் ஒன்றும் ஓடவில்லை. தூரத்திலிருந்தே பூட்டிவிட்டார்கள். செய்தியைப் படித்தவர்கள் கைதட்டினார்கள். நல்லதுதான், திருடன் ஏமாந்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். திருடன் ஓட்டும்போது நிறுத்த முடிந்த வண்டியை, தவணை ஒரு மாதம் தள்ளிப்போன விவசாயி ஓட்டும்போதும் நிறுத்த முடியும். கடன் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். இப்படி ஒரு வசதி கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தும் ஆசை கடன்காரனுக்கு வராமல் இருக்காது.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. விதையில் இதைத்தான் பார்த்தோம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த வெர்னன் பௌமன் என்ற வயதான விவசாயி, தானியக் கிடங்கில் சாதாரணமாக விற்கும் சோயாவை வாங்கி விதைத்தார். விளைந்ததில் எடுத்து வைத்து மறுபடி விதைத்தார். அதில் மான்சாண்டோவின் காப்புரிமை பெற்ற ரகம் கலந்திருந்தது. 2013 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விளைந்த மணியைத் திரும்ப விதைப்பதும் அங்கே "நகல் எடுப்பது" ஆகிவிட்டது. மென்பொருளைப் பிரதி எடுத்தால் என்ன குற்றமோ, அதே குற்றம்.

நம் நாட்டில் நிலைமை கொஞ்சம் மேல். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 39ஆம் பிரிவில், விவசாயி தன் விளைச்சலை, விதை உட்பட, எடுத்து வைக்கலாம், பயன்படுத்தலாம், விதைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்ட விதையாக விற்கக்கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. 2019இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலர் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டு, நான்கு பேரிடம் தலைக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. விவசாய அமைப்புகள் இந்த 39ஆம் பிரிவைக் காட்டித்தான் எதிர்த்து நின்றன. அடுத்த மாதமே நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. இந்த உரிமை சும்மா வந்ததல்ல. விதையைப் பற்றிப் பேசிப் பேசி, கேட்டுக் கேட்டுப் பெற்றது.

மென்பொருளிலும் இப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அவர்களைத் தெரியாது என்பதுதான் என் குறை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே ஒரு பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பிரிண்டராக இருந்தபோது அதன் மென்பொருளை அவரே திருத்தி, காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி செய்திருந்தார். புதிய பிரிண்டருக்கு மென்பொருளின் மூல நிரலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பழுது தெரியும், சரிசெய்யவும் தெரியும், ஆனால் கை வைக்க முடியாது. நம் மெக்கானிக்கின் நிலைமைதான். 1983இல் அவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் கொள்கை நான்கு உரிமைகள். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து மாற்றலாம். நகலெடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் கொடுக்கலாம். இதை 39ஆம் பிரிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

இன்னும் ஒன்று. அவர்கள் வைத்திருக்கும் உரிம ஒப்பந்தத்தில், வாங்கி மாற்றி வெளியே கொடுப்பவன் அதே உரிமைகளை அடுத்தவனுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை உண்டு. பூட்டுப் போட்டு விற்கக்கூடாது. படித்தபோது எனக்கு ஆதிரெங்கம்தான் நினைவுக்கு வந்தது. நெல் ஜெயராமன் ஐயா திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய நெல்விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது வேறு இருவருக்குப் போகும். 174 ரகங்களை அவர் மீட்டு ஊர் ஊராகப் பரப்பியது இப்படித்தான். அவர் எந்த மென்பொருள் உரிமத்தையும் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. உழவனுக்கு இயல்பாகத் தோன்றுகிற முறை அது. இதற்கு நேர்மாறாக, மென்பொருளிலிருந்து விதைக்கு வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய திறந்த மூல விதை முயற்சி, மென்பொருள்காரர்களிடம் கற்றுக்கொண்டு, "இந்த விதையை நீ எப்படியும் பயன்படுத்து, ஆனால் மற்றவர் பயன்படுத்துவதைத் தடுக்காதே" என்ற பொருளில் பொட்டலத்தோடு ஓர் உறுதிமொழி வைக்கிறது. ஆக, விதைத் தற்சார்பு பேசுகிறவர்களும் மென்பொருள் தற்சார்பு பேசுகிறவர்களும் பங்காளிகள். நாம்தான் இன்னும் அறிமுகம் செய்துகொள்ளவில்லை.

"அமெரிக்கா கதையெல்லாம் சரி சார், நம்ம வயல்ல என்ன?" என்று கேட்பீர்கள். நம் மோட்டார் கொட்டகையிலிருந்தே தொடங்குகிறேன். செல்போன் ஸ்டார்ட்டர் பலரிடம் இருக்கிறது. பழைய மாதிரிப் பெட்டியில் ஒரு சிம் கார்டு இருக்கும். நாம் அழைத்தாலோ குறுஞ்செய்தி அனுப்பினாலோ மோட்டார் ஓடும். பட்டன் போன் போதும், நடுவில் யாரும் இல்லை. புதிதாக வருகிற சில பெட்டிகள் அப்படியில்லை. நம் கட்டளை முதலில் நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து நம் கொட்டகைக்கு வருகிறது. எங்கள் பகுதியில் ஒரு நண்பர் சொட்டுநீர் வால்வுகளைத் திறந்து மூடும் இப்படிப்பட்ட பெட்டி ஒன்றை வாங்கினார். இரண்டு வருடம் அருமையாக வேலை செய்தது. பிறகு அந்தச் சிறு நிறுவனம் தொழிலை நிறுத்திவிட்டது. செயலி திறக்கவில்லை. என்னிடம் வந்து, "பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. அவங்க கடையத்தான் மூடிட்டாங்க" என்றார். ஒரு ஒயர்கூட அறுந்துபோகாமல் ஒரு கருவி செத்துப்போவது நம் அப்பா காலத்தில் கிடையாது.

அடுத்தது நேரடி விற்பனை. அரிசி, செக்கு எண்ணெய், காய்கறி என்று நம்மில் பலர் வாட்ஸ்அப் குழு வழியாகவே விற்கிறோம். பத்து வருடம் பாடுபட்டுச் சேர்த்த 300 வாடிக்கையாளர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். யாரோ புகார் கொடுத்தோ தானாகவோ எண் முடக்கப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அங்கே ஓர் அலுவலகமோ மேலாளரோ கிடையாது. வாட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பெயர், எண், ஊர், என்ன வாங்குகிறார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பி.ஜி.எஸ். சான்றுக்காக இணையத்தில் ஏற்றுகிற விவரங்களுக்கும் வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். நாங்கள் வங்கியில் தினமும் செய்த வேலை இதுதான்.

மூன்றாவது, பழைய கணினி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. புதிய பதிப்பு பல பழைய கணினிகளில் ஏறாது. நன்றாக ஓடுகிற கணினியைக் குப்பையில் போடச் சொல்வது, நல்ல மாட்டைப் பல் பார்த்து அடிமாட்டுக்கு அனுப்புவது போல. அதில் லினக்ஸ் போடலாம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. நம் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதன் கருதான். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. கடிதம் எழுத, வரவு செலவு போட லிப்ரே ஆபீஸ் போதும், காசு கிடையாது. என் பண்ணைக் கணக்கை நான் அதில்தான் வைத்திருக்கிறேன்.

இனி பிள்ளைகளின் விளையாட்டு. எல்லா வீட்டிலும் சண்டை இதில்தான். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. அது சூதாட்டம், எத்தனை குடும்பம் அழிந்தது என்று பார்த்துவிட்டோம். மற்ற விளையாட்டுகளை மொத்தமாகத் திட்டுவது வீண். அதிலும் உடைமை, குத்தகை வித்தியாசம் உண்டு. விவசாயத்தை வைத்தே இரண்டு விளையாட்டு சொல்கிறேன். 2009இல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்தது. ஒரு கட்டத்தில் மாதம் 8 கோடிப் பேருக்கு மேல் அதில் பயிர் வைத்தார்கள். நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். அதனால் ராத்திரி எழுந்து அறுத்தவர்கள் உண்டு. அவசரமாக வளர வேண்டுமானால் நிஜப் பணம் கட்டலாம். 2020 டிசம்பர் 31ஆம் தேதி அதை மூடினார்கள். 11 வருட வெள்ளாமை ஒரே நாளில் காணாமல் போயிற்று. 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி வேறு மாதிரி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தது. தாத்தாவின் பழைய பண்ணையைத் திருத்திப் பயிர் வைக்கும் கதை. ஒருமுறை காசு கொடுத்தால் போதும், கணினியில் இணையம் இல்லாமலும் ஆடலாம், பிறகு சேர்த்தவற்றுக்கும் கணினிக்காரர்களிடம் அவர் பணம் கேட்கவில்லை. 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. விடுமுறையில் வந்த என் பேரன் அதில் முள்ளங்கி மாதிரி ஏதோ பயிர் வைத்துவிட்டு, "தாத்தா, நீங்க ஏன் கோடையில இத வைக்கல?" என்று கேட்டான். பட்டம் என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் பாத்திக்குக் கூட்டிப்போனேன், வந்தான்.

பிள்ளைகளிடம் "போனை வை" என்று கத்துவதைவிட, "இந்த ஆட்டம் உன்னை ஆட விடுதா, இல்ல உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுதா? நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அவர்களுக்கே தெரியும்.

ஓர் எதிர்வாதம் வரும். "காசு வாங்காம எவன் செய்வான்? நிறுவனம் பிழைக்க வேண்டாமா?" நியாயமான கேள்வி. காசு கொடுக்கக் கூடாது என்பது என் வாதமே அல்ல. நாமும் விதை விற்கிறோம், அதற்கு விலை வைக்கிறோம். வாங்கியவர் எடுத்து வைத்து விதைப்பதைத் தடுப்பதில்லை, அவ்வளவுதான். அதே மாதிரி கருவிக்கும் உழைப்புக்கும் விலை கொடுப்போம். வாங்கிய பிறகும் கையில் சாவி தராதவனோடுதான் நமக்குப் பேச்சு.

இன்னொரு வாதம், "முழுசா வெளியே வர முடியுமா சார்?" முடியாது. வங்கிக் கணக்கு, உழவன் செயலி, ஆதார் எல்லாம் இருக்கும். ரசாயனத்திலிருந்து வெளியே வந்தபோதும் நாம் ஒரே போகத்தில் வரவில்லை. ஓர் ஏக்கரில் தொடங்கினோம். இதிலும் அப்படியே.

ஆகவே புதிதாக எந்தச் செயலியோ கருவியோ வாங்குமுன் நான்கு கேள்வி கேட்போம். இணையம் இல்லாவிட்டால், கம்பெனி மூடிவிட்டால் இது ஓடுமா? நம்ம ஊர் மெக்கானிக் பிரித்துச் சரிசெய்ய முடியுமா? இதில் நான் ஏற்றுகிற மண், மகசூல், வாடிக்கையாளர் விவரங்களை நான் நகல் எடுத்துக்கொள்ள முடியுமா, அவை வேறு யாருக்குப் போகின்றன? வருடா வருடம் எவ்வளவு கட்ட வேண்டும்? கடைசிக் கேள்விக்கு ஐந்து வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவசம் என்று வந்தது எப்போது காசு கேட்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விற்பனையாளர் பதில் சொல்லத் தடுமாறினால் யோசித்து வாங்கலாம்.

இயக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விதைத் திருவிழாவில் விதை மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுவோம். தமிழில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் இளைஞர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். பழைய மடிக்கணினியைக் கொண்டுவாருங்கள், லினக்ஸ் போட்டுத் தரச் சொல்வோம். அவர்கள் திரும்பிப் போகும்போது மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் ஆளுக்கு 2 கிலோ கொடுத்து அனுப்புவோம். அடுத்த ஆண்டு 4 கிலோவாகக் கொண்டுவரச் சொல்லியே கொடுப்போம். கூட்டத்தில் இதற்கு யாராவது ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.